எக்ஸ்டென்சிவ் வதைப் படலம்

வாழ்க வீரன்! கமண்டல நாகநதிக் கரைக் காளையே, குழித்தறிக் கோமானே, ஆறு கெஜப் பட்டுக்கு அதிபதியே, முந்தானை வேந்தே, இருபத்தாறு ஆண்டுகள் ஒரே குழிக்குள் இரு கால்களையும் தொங்கவிட்டபடி, குழிக்கு வெளியே கிடக்கும் உலகத்தைப் பற்றிச் சற்றும் அஞ்சாமல் அபிப்பிராயம் சொல்லும் ஆற்றல் படைத்தோனே, தொந்தி சிறுத்து மீசை பெருத்த சுப்பராயலுவே, வாழ்க! நின் புகழ் பாடத் துணிந்தோம். இத்தகைய பெருங்காரியத்தைத் தொடங்குமுன் தேவர்களைத் துணைக்கு அழைப்பது மரபு. அவர்களுள் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது ஆகையால் இந்தக் கதைக்கு அவர்களால் காலணாப் பிரயோசனம் இல்லை. நாமே பார்த்துக்கொள்வோம்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். எண்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசித் திங்கள், மழை வருவதுபோல் வந்து ஏமாற்றிய ஒரு காலை வேளையில், ஆரணி நெசவாளர் சங்கத்தின் கரும்பலகையில் அறிவிப்பொன்று உதித்தது. டெல்லி மாநகரில் கைத்தறிப் பொருட்காட்சி நடக்கும். அங்கே ஆரணியின் பேரால் ஒரு தறி நாட்டப்படும். அதில் நெய்து காட்ட ஒரு நெசவாளரும், பக்கத்தில் அமர்ந்து ராட்டையில் நூல் சுற்றிக் காட்ட அவருடைய மனைவியும், போகவரச் சங்கத்தின் செலவிலேயே ரயில் டிக்கெட் வாங்கிப் பதினைந்து நாள் அனுப்பப்படுவார்கள். இதுவரை எல்லாம் தேனாக இருந்தது. கடைசி வரியில்தான் தேள் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் பெரிய இடத்துக்காரர்கள் ஆதலால், இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் இங்கிலீஷில் ஒரு பதிலாவது சொல்லத் தெரிந்தவராக அந்த நெசவாளர் இருக்க வேண்டும். அதைச் சோதிக்க வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வருவார்.

முதல் வரியைப் படித்துப் பேர் கொடுத்த வீரர் பதினால்வர். கடைசி வரியைப் படித்ததும் ஒருவருக்குப் பல்வலி கண்டது. ஒருவருக்கு மச்சினிச்சி சடங்கு நினைவுக்கு வந்தது. மற்றவர்க்கெல்லாம் தறியில் அவசரப் புடவை முளைத்தது. புறமுதுகிட்டோர் பன்னிருவர். களத்தில் எஞ்சியவர் இருவரே. ஒருவன், ஒன்பதாம் வகுப்பு வரை படித்ததை ஊரே மறந்த பின்னும் தான் மறவாத மாணிக்கவேல். மற்றவன் நம் சுப்பராயலு. இவன் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை.

மூன்றாம் வகுப்புக்காரனுக்கு இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வீம்பு அல்ல, வெட்கம். அவன் மனைவி அபிதகுசாம்பாள், அளவற்ற பெயரும் அளவான சொல்லும் உடையவள், வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியும் ரயிலேறாதவள். கல்யாணமான மூன்றாம் நாள், புதுமாப்பிள்ளைத் திமிரில், "அடுத்த வருசம் உன்ன ரயில்ல கூட்டினு போறேன் பாரு" என்று சுப்பராயலு சூளுரைத்தான். அதற்குப்பின் திருப்பதிக்கு இரண்டு தடவை போனார்கள், இரண்டு தடவையும் பஸ்ஸில். களம்பூருக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ரயில்வே கேட் சாத்தியிருக்கும், பஸ் நிற்கும், ஜன்னல் வழியே அவள் ஒவ்வொரு பெட்டியாக எண்ணுவாள், கடைசிப் பெட்டியும் போனபின், "போயிட்ச்சி" என்பாள். அவ்வளவுதான். குறையாக ஒரு வார்த்தை, குத்தலாக ஒரு பார்வை, எதுவும் கிடையாது. அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் வீரனுக்கு பஸ்ஸிலிருந்து குதித்து, கேட்டை ஒட்டிய அரிசி ஆலைத் தவிட்டுக் குவியலுக்குள் தலையை நுழைத்துக்கொள்ளலாம்போல் இருக்கும்.

கரும்பலகைச் செய்தி அபிதகுசாம்பாள் காதுக்கு எட்டியது. பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். துடைத்தாள். வாசலில் வெயிலில் காயவைத்தாள். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் "இன்னாம்மா, ஊருக்கா?" என்று கேட்க, "ஆமா" என்றாள். இனிப் பின்வாங்குவதற்கு வழியே இல்லை.

இரக்க குணமுடைய சங்கச் செயலாளர் போட்டியாளர் இருவரையும் தனித்தனியே அழைத்து, வினாவையும் விடையையும் தமிழ் எழுத்தில் எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். ஆரணியில் பட்டு நெசவு எப்படி என்று அதிகாரி கேட்பார். அதற்கு, "வெரி எக்ஸ்டென்சிவ் சார்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லின்மேல் அதிகாரிக்குத் தீராத மையல். அவர் எழுதும் ஒவ்வோர் அறிக்கையிலும் அது நான்கு இடத்திலாவது வந்து உட்கார்ந்துவிடும். 'வெரி' எளிய பகை; 'சார்' பழகிய பகை. நடுவில் நின்றானே எக்ஸ்டென்சிவ் என்பவன், அவனே அரக்கன்! முத்தலையன், வாயில் அகப்படாதவன், அகப்பட்டால் நாக்கைச் சுருட்டி முடிச்சுப் போடுபவன். சுப்பராயலு அவனைச் சங்க வாசலில் பிடித்தான். சைக்கிள் கடையருகே பிடி தளர்ந்தது. வீட்டுப் படியேறும்போது வாயில் 'வெரி' மட்டும் மிஞ்சியது.

முதலில் பகைவன் யார், அவன் குலம் கோத்திரம் என்ன என்று அறிவதே போர்முறை. ஆகவே அன்று மாலை நம் வீரன் பக்கத்துத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை நோக்கிப் படை நடத்தினான். அங்கே பத்து மெஷின்கள் ஒருசேரப் படபடக்கும் பேரிரைச்சலின் நடுவே கொலுவீற்றிருந்தாள் குணசுந்தரி. வயது இருபத்திரண்டு, ஹையர் முடித்தவள், தப்பாக ஓர் எழுத்து விழுந்தால் திரும்பிப் பாராமலே எந்த மெஷின் என்று சொல்லிவிடுபவள். இருபத்திரண்டு வயதின் முன்னே நாற்பத்தைந்து வயது கைகட்டி நின்றது.

"பெர்சுன்னு அர்த்தமா டீச்சரம்மா?"

"பெர்சுன்னு இல்ல மாமா. அகலமா, நீளமா, பரவிகினு கெடக்குதில்ல, அதுக்குச் சொல்றது."

"யான?"

"யான பெர்சு. எக்ஸ்டென்சிவ் இல்ல."

"எங்க மாமியார்?"

குணசுந்தரி அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறாள். ஒரு கணம் யோசித்தாள். "அவங்களும் பெர்சுதான் மாமா."

"களம்பூர் போற வழியில நெல்லு போட்டுகினு கீறாங்களே, கண்ணுக்கு எட்டின மட்டும்?"

"அது எக்ஸ்டென்சிவ்."

வீரன் மீசையை நீவினான். பட்டு நெசவாளன் ஆயிரம் தறிப் பரம்பரை. அளவில்லாமல் ஒன்றை நம்ப மாட்டான். "செரி, எத்தினி கெஜத்துக்கு மேல போனா எக்ஸ்டென்சிவ்?" என்றான்.

பத்து மெஷின்களும் நின்றன. அந்த வினாவுக்கு விடை கூறும் அகராதி உலகில் இன்னும் அச்சாகவில்லை. ஆறு கெஜப் புடவை? இல்லை என்றாள். ஒன்பது கெஜம், மடிசார்? இல்லை. அப்படியானால், விடியற்காலையில் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆள் நிறுத்தி நீட்டிப் பிடிப்போமே பாவு, நாலு புடவைக்கான நூல் முழுதும் ஒரே நீட்டாக, பால்காரன் சைக்கிளோடு குனிந்து போவானே, அது? குணசுந்தரி தன் வாழ்நாளில் பலமுறை அந்தப் பாவுக்கடியில் குனிந்து போனவள். மறுக்க வழியின்றி, "அது... எக்ஸ்டென்சிவ்தான் மாமா" என்றாள். சுப்பராயலுவின் முகம் மலர்ந்தது. அரக்கனின் அளவு தெரிந்துவிட்டது: நாலு புடவைக்குக் குறையாத நீளம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவன் அதைத்தான் அறிவித்தான்.

"செரி. இப்ப அந்த வார்த்தயச் சொல்லுங்க" என்றாள் அவள்.

வார்த்தை வரவில்லை.

இரண்டு நாள் இப்படியே போயின. ஐயோ, அந்த இரண்டு நாளின் அவலத்தை என்னவென்று சொல்வோம்! குளிக்கும்போது வந்த சொல் துவட்டும்போது போயிற்று. சோற்றில் ரசம் ஊற்றும்போது வந்தது, மோருக்குள் மறைந்தது. எதிரி மாணிக்கவேலோ, வெளுத்த சட்டை போட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கையில் கண்ணாடி பிடித்துத் தன் முகத்துக்குத் தானே நூறு தடவை அந்தப் பதிலைச் சொல்லிப் பழகினான். போதாதென்று மாலையில் டீக்கடை பெஞ்சின்மேல் ஏறாத குறையாக நின்று, ஊர் கேட்க முழங்கினான்: "டெல்லி எனக்குத்தான். சுப்பராயலு அண்ணன் பாவம், அரணாக்கொடிக்கே இங்கிலீஷ்ல பேர் தெரியாது. அவரு போய் பேஜார் ஆவறதுக்கா? பேசாம வெலகிக்கினா மரியாத!"

இந்த முழக்கம் ஆரணியின் வழக்கப்படி கால்மணி நேரத்துக்குள் சுப்பராயலுவின் வீட்டை அடைந்தது. அரணாக்கொடிக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று மாணிக்கவேலுக்கும் தெரியாது என்பதை அங்கே யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. வீரன் அன்றிரவு சாப்பிடவில்லை என்று சொன்னால் காவியத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் சாப்பிட்டான், கொஞ்சம் குறைவாக.

மூன்றாம் நாள் காலை, சினம் தலைக்கேறி, இங்கிலீஷாவது ஒன்றாவது என்று சுப்பராயலு தறிக்குழியில் இறங்கினான். தறியில் ஒவ்வோர் இழைக்கும் மூன்று தொழில் உண்டு. கால் மிதிகட்டையை மிதிக்கும். வலக்கை கயிற்றை இழுக்க, குறுக்கு நூல் சுமந்த நாடா பறந்து அக்கரை சேரும். இடக்கை, இழையை நெருக்கும் பலகையைத் தன் நெஞ்சை நோக்கி அடிக்கும். மிதி, இழு, அடி. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே மிதித்தான்: எக்ஸ். இழுத்தான்: டென். அடித்தான்: சிவ். திகைத்துப் போனான். மீண்டும் மிதித்தான். எக்ஸ். இழுத்தான், டென். அடித்தான், சிவ். அடடா, அடடா! முத்தலை அரக்கனுக்கு மூன்று தொழில் கண்டுபிடித்து வைத்திருந்தார்களே முன்னோர்! வலக்கால் எக்ஸ், இடக்கால் எக்ஸ், நாடா போக டென், நாடா வர டென், அடிக்கு அடி சிவ் என்று, வியர்வை வெள்ளமாய்ப் பெருக, ஓடு அதிர, தூசி பறக்க, எலிகள் வளை நீங்கி ஓட, அந்தி சாயும்வரை அவன் அந்தச் சொல்லை மாம்பழ நிறப் பட்டில் ஆயிரமாயிரம் இழையாக இறக்கினான். பக்கத்தில் ராட்டை சுற்றிய அபிதகுசாம்பாள் நடுவில் ஒருமுறை மட்டும் வாய் திறந்தாள். "காது போவுது. ஆனா நிறுத்தாதீங்க" என்றாள்.

வியாழனும் இப்படியே. வெள்ளியும் வந்தது.

சங்கத்து ஆபீஸ் களமாயிற்று. ஒரு மேசை; அதன்மேல் டெலிபோன், கோப்பு, அதிகாரிக்கு வந்த காபி. மேசைக்கு அப்பால் பளபளத்த பூட்சும் தடித்த கண்ணாடியுமாக அதிகாரி. இப்பால் ஓர் இரும்பு நாற்காலி. வெளியே தாழ்வாரத்து பெஞ்சில், தம்பதியாகப் போவதால் தம்பதியாக வரச்சொன்ன காரணத்தால், இரு வீரரின் மனைவியரும். கதவு திறந்தே கிடந்தது.

முதலில் புகுந்தான் மாணிக்கவேல். இங்கே விதி விளையாடிற்று. கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று நாலு நாள் பழகியவன் நாற்காலியில் அமருமுன்பே, மரியாதை தெரிந்த அதிகாரி, அவனுடைய பேரை இங்கிலீஷில் கேட்டுவிட்டார். கேள்விக்குறியைக் கண்டதும் மாணிக்கவேலின் வாய் மடை திறந்தது: "வெரி எக்ஸ்டென்சிவ் சார்!" அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆரணியில் பட்டு நெசவு எப்படி என்று கேட்டார். வைத்திருந்த பதிலைச் செலவழித்துவிட்ட மாணிக்கவேல், "மாணிக்கவேல் சார்" என்றான். ஒன்பதாம் வகுப்பு அன்றோடு ஒழிந்தது.

பின் புகுந்தான் நம் சிங்கம். அமர்ந்தான். பேரைக் கேட்டார், சுப்பராயலு என்றான். உள்ளே செயலாளரும் வெளியே அபிதகுசாம்பாளும் அடக்கிய மூச்சை விட்டார்கள். அதிகாரி முன்னே சாய்ந்து அந்தக் கேள்வியைத் தொடுத்தார். சுப்பராயலு வாயைத் திறந்தான்.

ஒன்றுமில்லை.

தலைக்குள் தேடினான்; காலி. அங்கே அந்தச் சொல் இருந்தால்தானே! அது இவ்வளவு நாளும் தங்கியிருந்தது காலில், கையில். கால் மிதிகட்டையைத் துழாவியது. தட்டுப்பட்டது சிமென்ட் தரை. கை கயிற்றைத் தேடியது, கிடைத்தது காற்று. "வெரி..." என்றான். மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. "வெரி..." என்றான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் உத்தரத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வை மீசையில் இறங்க, சுப்பராயலு கதவுப் பக்கம் திரும்பினான். அபிதகுசாம்பாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தவுடன், இன்னும் ஒரு நொடியில் அவள் "போயிட்ச்சி" என்று சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அதைக் கேட்டுவிட்டு உயிரோடிருக்கத் தன்னால் முடியாது என்றும் தோன்றியது.

ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த குரல் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து, சங்கக் கட்டடம் நடுங்க ஆணையிட்டாள்:

"மேல இன்னா தேடறீங்க? மிதிங்க! ஜல்தியா மிதிங்க!"

மிதித்தான்! மேசைக்கடியில் நீண்டிருந்த அதிகாரியின் இடது பூட்ஸ்மேல் வலக்கால் வந்து இறங்க, எக்ஸ்! என்றது வாய். இழுத்தான்! கையில் அகப்பட்ட டெலிபோன் ஒயர் சுண்டி, கருவி குதித்துக் கவிழ, டென்! அடித்தான்! மேசை விளிம்பை இடக்கையால் பற்றித் தன் மார்பை நோக்கி ஓங்கி ஓர் இழுப்பு இழுக்க, காபி கோப்பின்மேல் பாய, சிவ்! சொல் முழுதாய்ப் பிறந்தது. இத்தோடு நின்றிருந்தால் நன்று. ஆனால் உலகில் எந்த நெசவாளனும் ஒற்றை இழை போட்டுவிட்டுத் தறியைவிட்டு எழுந்ததாக வரலாறு இல்லை. மறுபூட்ஸில் எக்ஸ்! ஒயரில் டென்! மேசையில் சிவ்! மறுபடி இது, மறுபடி அது என, அதிகாரியின் இரு பாதங்களுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் மாற்றி மாற்றி, ஒன்பது இழை, ஒன்பது எக்ஸ்டென்சிவ், கண் மூடி, முகத்தில் பரம ஆனந்தம் பொங்க, சுப்பராயலு நெய்து தள்ளினான். ஒவ்வொரு சிவ்வுக்கும் மேசை அரையடி நகர்ந்தது.

அப்போது எழுந்தது அதிகாரியின் திருவாயிலிருந்து அந்தப் பெரும்பிரகடனம், தூய தமிழில்:

"செலக்டட்! யோவ், செலக்டட்! காலை எடுய்யா!"

வென்றான் சுப்பராயலு! வீழ்ந்தான் எக்ஸ்டென்சிவ்! தெருவே திரண்டு வந்து வழியனுப்ப, குணசுந்தரி நாலணா சாக்லேட் கொடுத்து வாழ்த்த, மாணிக்கவேலும் வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு தகரப் பெட்டியை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டித் தர, களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு ஸ்டேஷனில் அபிதகுசாம்பாள் ரயிலேறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரயில் நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காட்பாடி வரை பிடியைத் தளர்த்தவில்லை. "பசிக்குதா?" என்று சுப்பராயலு கேட்டான். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள். அவள் கண் நனைந்திருந்தது. கரித்தூள் விழுந்துவிட்டது என்று தானாகவே சொன்னாள். நம் வீரன், அதிகாரியின் பூட்ஸை மிதித்தபோதுகூட அடையாத பெருமிதத்தோடு, எதிர் இருக்கைக்காரரைப் பார்த்து, "எங்க வீட்ல" என்று அறிமுகப்படுத்தினான்.

இரண்டு ரயில் மாறி, மூன்று நாள் உடல் குலுங்கி, டெல்லி சேர்ந்து, வண்ணத் தாள் தோரணங்களின் கீழே நாட்டிய தறியில் சுப்பராயலு வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஏறி அமர்ந்து, வலக்கால் மிதிகட்டையில், வலக்கை கயிற்றில், இடக்கை பலகையில், உள்ளங்கால் முதல் உச்சிவரை அந்தத் திருச்சொல் ததும்பி நிற்க, பக்கத்தில் அபிதகுசாம்பாள் ராட்டையின் கைப்பிடியைப் பற்றி மூச்சடக்கிக் காத்திருக்க, வாயில் திறந்து அலையலையாய், ஆயிரமாயிரமாய், ஷால் போர்த்தும் கோட்டு மாட்டியும், குழந்தையை இடுக்கியும் கிழவரை நடத்தியும், பாரதத் தலைநகரத்துப் பெருமக்கள் கூட்டம் அந்தத் தறியை நோக்கித் திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் விலையைத்தான் கேட்டார்கள், அதுவும் இந்தியில்.